குரோட்டன்ஸ்: இலையும் பெயரும்

பள்ளி வாயில், அலுவலக முகப்பு, திருமண மண்டபத்துத் தொட்டி என எங்கும் நிற்கும் குரோட்டன்ஸ் செடியை நாம் வகைப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை. மஞ்சள் புள்ளி இட்டது, சுருள் இலை, வாள்போல் நீண்டது என்று சுட்டிக்காட்டி ஒரு கிளை ஒடித்து வாங்கி வருகிறோம். அந்த ஒற்றைப் பெயரும் அதற்கு உரியதன்று என்பதே வேடிக்கை. மெய்யான குரோட்டன் நம் சித்த மருத்துவர்கள் பேதிக்கு அறிந்த நேர்வாளம். விதை உண்ணியைப் போலிருப்பதால் உண்ணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அப்பேரினத்துக்கு வாய்த்தது. 1753-இல் லின்னேயஸ் இந்த இலையழகுச் செடியையும் அதனுள் சேர்த்தார். பின்வந்தோர் பிரித்தெடுத்துக் கோடியேயம் என்றனர். இப்பெயரோ இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. அறிவியல் தீவினரின் சொல்லைக் காத்திருக்க, நம் நாவில் நிற்பது அறிவியல் கைவிட்ட பெயர்.

அத்தீவுச் சொல்லை ஏட்டில் ஏற்றியவர் ரம்ஃபியஸ். டச்சுக் கம்பெனி ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்த ஜெர்மானியர். 1670-இல் பார்வை இழந்தார். 1674 நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். 1687 தீவிபத்தில் படங்கள் எரிந்தன. 1692-இல் கைப்பிரதியுடன் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். படியொன்று எஞ்சியிருந்ததால் நூல் பிழைத்தது. 1702-இல் அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 1741 முதல்தான் அது அச்சேறியது. காணாத கண்ணோடு இலையின் நிறபேதங்களைச் சொல்லி எழுதுவித்த அம்மனிதரை, நிறத்தையே இயல்பாகக் கொண்ட இச்செடியோடு சேர்த்து எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

நூல் கடல் கடந்தாலும் செடி எளிதில் கடக்கவில்லை. காரணம் அதன் பெருக்கத்தில் இருக்கிறது. குரோட்டன்ஸ் விதை தாயின் இலையை அப்படியே தருவதில்லை. ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு விதமாய் வரும். குறிப்பிட்ட இலை வேண்டுமெனில் உயிருள்ள கிளையே பயணப்பட வேண்டும். உப்புக்காற்றும் நன்னீர்த் தட்டுப்பாடும் நிறைந்த கப்பலில் அது எளிதன்று. 1829-இல் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு அடைத்துவைத்த கண்ணாடிப் புட்டியில் பெரணி முளைத்திருக்கக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி மீண்டும் மண்ணுக்கே வடிகிறது. 1833-இல் அவ்வகைப் பெட்டிகளில் அவர் அனுப்பிய செடிகள் சிட்னியை உயிரோடு அடைந்தன.

வழி திறந்தது. இலண்டன் செல்சியாவின் நாற்றுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கூல்ட் வீச், 1865-இல் தென்கடல் தீவுகளில் அலைந்து வண்ண இலைச்செடிகளைத் திரட்டினார். 1870-இல் முப்பத்தொரு வயதில் அவர் இறந்தபோது ஐரோப்பியக் கண்ணாடி மனைகளில் குரோட்டன்ஸ் மோகம் தொடங்கியிருந்தது. வீச்சின் பெயரே ஒரு வகைக்குச் சூட்டப்பட்டது.

இலையை உற்றுநோக்கினால் அம்மோகம் புரியும். பச்சையமும் மஞ்சள் நிறமியும் செந்நிறமியும் அதில் போட்டியிடுகின்றன. பச்சையாய்ப் பிறந்த இலை முதிர முதிரச் சிவக்கும் வகைகள் பல. நிழலில் வைத்தால் அச்சிவப்பு மங்கும். சிலவற்றில் இலைப்பரப்பு நடுவில் அற்றுப்போய், வெறும் நரம்பு சற்று நீண்டு, அதன் நுனியில் இன்னொரு சிற்றிலை தொங்கும். இலைக்குள் இலை எழுதிய எழுத்துப்பிழை எனலாம். அப்பிழைக்கே தனி விலை.

நம் ஊரிலும் முறை அதுவே. முற்றிய குச்சியை ஒடித்து, பால் வடிந்தபின் ஈரமணலில் ஊன்றுகிறோம். அல்லது கிளையிலேயே விரற்கடை அளவு பட்டையை வளையமாய் உரித்து, நனைத்த பாசி வைத்துக் கட்டி, வேர்விட்டதும் அறுத்து நடும் விண்பதியம். இவ்வாறு வந்த செடி தாயின் பிள்ளையன்று, தாயேதான். ஒரே செடியின் உடல் ஆயிரம் முற்றங்களில் பரவி நிற்கிறது.

சில வேளை ஒரு செடியின் ஒரே கிளை மட்டும் வேறு நிறத்தில் இலைவிடும். யாரேனும் கண்டு, ஒடித்து, ஊன்றினால் அது புதுவகை. காணாவிட்டால் கவாத்துக் கத்தியோடு போயிற்று. வீச் கரையிறங்குமுன்பே தீவுகளின் வீட்டுவேலிகளில் பலநிறக் குரோட்டன்ஸ் நின்றன. அவற்றுள் எத்தனையோ இப்படி யாரோ கண்டு ஒடித்து ஊன்றியவை. வகைப்பட்டியல்களில் பிரபுக்களின் பெயர்கள் உண்டு. ஊன்றியவர்களின் பெயர்கள் இல்லை.