தங்க ஊசியும் சங்கக் கூட்டமும்

குடியை ஊசியால் விரட்டலாம் என்ற வணிகம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓகோவென்று நடந்தது. 1879இல் இல்லினாய் மாநிலத்து டுவைட் என்ற சிற்றூரில் மருத்துவர் லெஸ்லி கீலி அதைத் தொடங்கினார். நாளுக்கு நான்கு ஊசி, நான்கு வாரம். மருந்தில் தங்கம் இருக்கிறது என்றார். தங்கம் என்றாலே நோய்க்குப் பாதி பயம் வந்துவிடும் போலும்! நூற்றுக்கு 95 பேர் குணமாவதாக விளம்பரம் செய்தார். கிளைகள் நூறைத் தாண்டின. செய்முறையை அவர் கடைசிவரை வெளியிடவில்லை. ஆராய்ந்து பார்த்தவர்களுக்குத் தங்கமும் அகப்படவில்லை. 1900இல் அவர் இறந்தபின் மருந்தின் மவுசும் குறைந்துபோனது.

வெறும் மோசடி என்று இதைத் தள்ளிவிட முடியாது. அங்கே போய்க் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். ஊசிக்குச் சக்தி இல்லையென்றால் அவர்களை மாற்றியது எது? 1891இல் டுவைட் நோயாளிகள் தாங்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். தினமும் கூடினார்கள், புதிதாக வந்தவரை வரவேற்றார்கள், குணமாகி ஊர் திரும்பியவர்களின் கடிதங்களை வாசித்தார்கள். வேலை செய்தது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான் என்பது என் கணிப்பு. 1935இல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் பிறந்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் ஊசியே இல்லாமல் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிலைத்தது.

ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனே ஒரே நொடியில் மாறியவர்தானே, கூட்டம் எதற்கு என்று கேட்கலாம். 1934 டிசம்பரில், நியூயார்க் மருத்துவமனையில் பெல்லடோனா மருந்து கொடுக்கப்பட்ட நாட்களில், அறை முழுக்க ஒளி நிறைந்ததாக அவர் உணர்ந்தது உண்மை. ஆனால் ஐந்தே மாதத்தில், ஆக்ரனில் வியாபார விவகாரத்தில் தோற்று நின்றபோது, ஓட்டலின் மதுக்கூடம் அவரை இழுத்தது. அப்போது அந்த ஒளியை மட்டும் நம்பி அவர் சும்மா இருக்கவில்லை. தொலைபேசியில் ஊர்க்காரர்களை அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். நடுவில் ஒருமுறை சறுக்கிய ஸ்மித், ஜூனில் குடியை நிறுத்தி, 1950இல் இறக்கும்வரை தொடவில்லை. ஆகவே உள்மாற்றம் என்பது தனியறையில் ஒருமுறை நிகழ்ந்து முடிவதல்ல. அடுத்தவன் முன்னால் தினமும் புதுப்பிக்கவேண்டிய வேலை.

மாற விரும்புகிறவர்கள்தானே கூட்டத்துக்கே வருகிறார்கள் என்ற ஐயம் வலுவானது. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகளை 2020இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடியை விட்டிருந்தவர்கள், ஏ.ஏ.வுக்கு வழிப்படுத்திய சிகிச்சையில் 42 சதவீதம், மற்றச் சிகிச்சைகளில் 35 சதவீதம். கீலியின் 95க்கு முன்னால் இது சிறிய எண்தான்; விளம்பரத்துக்கு ஆகாது.