இரண்டாவது கையெழுத்து

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதில் இடஒதுக்கீட்டைப் பற்றிய பிரிவுகள் நம்மில் பலருக்கு மனப்பாடம். 188ஆவது பிரிவை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமென்றால் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது அது. தலைவர் பதவி சுழற்சி முறையில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படுகிறது. துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். தனி ஊராட்சிகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் எந்தத் தெருக்காரர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேரிக்கு ஒதுக்கப்படும் பணத்தின் வரலாற்றை இந்த இரண்டாவது கையெழுத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. "நிதியே ஒதுக்குவதில்லை" என்று நாம் மேடைகளில் பேசுவது பாதி உண்மைதான். நூறு ஆண்டுகளாக ஏதாவது ஒரு தலைப்பில் ஒதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது என்பதே கேள்வி.

1920களுக்குப் போவோம். அன்றைய சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வரிப்பணத்தில் சாலை போட்டன, பள்ளிக்கூடம் கட்டின, கிணறு வெட்டின. அந்தக் கிணற்றில் நம் தாத்தா பாட்டிகள் வாளி இறக்க முடியாது. அதனால் தொழிலாளர் ஆணையரின் கீழ் இயங்கிய துறை, "தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு" என்று தனிக் கிணறு வெட்டியது, வீட்டுமனை வாங்கித் தந்தது, கூட்டுறவுச் சங்கங்களை நடத்தியது. மனைக்கான விலையைத் தவணையாகத் திருப்பிக் கட்டச் சொன்னது. வறுமை ஒழிப்பும் தற்சார்பும் அன்றே அரசுத் திட்டங்களாகிவிட்டன. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். போர்டின் பணம் நம் பணமும்தான் என்று சொன்ன தீர்மானமாகவே அதை நாங்கள் வாசிக்கிறோம். தீர்மானம் அரசாணையானது. ஊர்க் கிணறு திறக்கவில்லை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடியதை, நகரத்தில் வாழ்ந்தவரின் வெறுப்பு என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். போர்டு கிணற்றின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

அடுத்த பெரிய ஒதுக்கீடு சிறப்புக் கூறுத் திட்டம். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை சதவீதமோ, திட்ட நிதியிலும் அத்தனை சதவீதம் அவர்களுக்கு என்ற விதி 1979-80இல் வந்தது. தமிழ்நாட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. 2011 கணக்கெடுப்புப்படி நாம் 20 சதவீதம். இந்தப் பணம் வேறு வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்ட கதைகளை நீங்கள் அறிவீர்கள். டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கே இந்த நிதியிலிருந்து பல நூறு கோடி போனதை 2010இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆந்திரமும் கர்நாடகமும் 2013லேயே இதற்கெனத் தனிச் சட்டம் போட்டன. சமூகநீதியின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் நம் மாநிலத்தில் அந்தச் சட்டம் வர 2024 ஆயிற்று.

ஆனால் சட்டம் கோட்டையில் இருக்கிறது, தெருவிளக்கு ஊராட்சியில் இருக்கிறது. அதனால்தான் மேலவளவு.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996இல் தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. வேட்பாளர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன, வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. தேர்தல் தள்ளித் தள்ளி நடந்து கடைசியில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நுழைய முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது அவரும் இன்னும் ஐந்து பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

இதைச் "சாதி வெறி" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது நம் பழக்கம். வெறிதான், மறுக்கவில்லை. ஆனால் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் என்ன இருந்தது என்றும் பாருங்கள். கண்மாய் மீன் குத்தகை, மரங்களின் ஏலம், வீட்டுவரி, அரசு மானியம், யாருக்கு ஒப்பந்தம், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் என்ற முடிவு. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் சுற்றிய பணம் இது. கண்மாய் ஏலத்தைச் சேரிக்காரர் நடத்துவார், அதன் கணக்கைச் சேரிக்காரர் எழுதுவார் என்பதைத்தான் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வேட்புமனு போடவே விடுவதில்லை, அல்லது சொன்னபடி கேட்கும் ஒருவரை ஜெயிக்க வைத்து உடனே ராஜினாமா செய்ய வைப்பது. 2006 வரை பத்தாண்டுகள் இப்படியே ஓடின. ஒரு தலித் கையெழுத்துப் போடுவதைவிடத் தங்கள் ஊருக்கு மன்றமே இல்லாமல் போவது மேல் என்று ஓர் ஊர் முடிவெடுக்கிறது என்றால், அந்தக் கையெழுத்தின் மதிப்பை நம்மைவிட அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இப்போது பெரும்பாலான இடங்களில் அரிவாள் தேவைப்படுவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்ததும் நாடே பேசியது. படத்தில் வராத விஷயம் காசோலை. களப்பணியில் நாங்கள் பார்க்கும் தனி ஊராட்சிகளில் கதை ஒன்றுபோலவே இருக்கிறது. சேரியில் மோட்டார் பழுது, தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், துணைத்தலைவர் "வெளியூர்" போயிருக்கிறார். துணைத்தலைவருக்குப் பதிலாக வேறோர் உறுப்பினருக்கு அதிகாரம் தரலாமே என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தரலாம், மன்றம் தீர்மானம் போட வேண்டும். மன்றத்தில் பெரும்பான்மை யாரிடம் இருக்கிறது? தலைவர் கைக்காசைப் போட்டு மோட்டாரைச் சரிசெய்வார், வட்டிக்கும் வாங்குவார். பிறகு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கப் போனால் "முறைகேடு" என்று அவர்மீதே புகார் போகும். ஐந்தாண்டு முடியும்போது ஊர் முழுக்க ஒரு பேச்சு பரவியிருக்கும்: அவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சேரியில் நடந்த ஒவ்வொரு வேலைக்கும் மன்றம் ஒப்புதல் தந்த தேதி என்ன, காசோலை வங்கிக்குப் போன தேதி என்ன என்று கேளுங்கள். ஊர்த்தெரு வேலைகளுக்கும் அதே இரண்டு தேதிகளை வாங்குங்கள். சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களுக்கு அனுப்புங்கள். மாவட்டம் வாரியாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.