பீன்யாக் கொட்டகையும் மின்கல அணியும்

பாட்டரி என்னும் ஆங்கிலச் சொல் பீரங்கிகளின் அணியையும் குறிக்கும். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரத்தைத் தேக்கும் கண்ணாடிச் சாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்து அவற்றுக்கு அப்பெயரை இட்டார். 1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்டா, துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும் உப்புநீரில் நனைத்த அட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். தனிக் கலத்தின் ஆற்றல் சிறிது. பல கூடினால் பெரிது. ஆயினும் எதனோடு எது கூடலாம் என்பதில்தான் இக்கலையின் நுட்பமும் அபாயமும் அடங்கியுள்ளன.

பெங்களூரில் தமிழன்பர் பலர் பணிபுரியும் பீன்யாத் தொழிற்பேட்டை நம் விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற ஊர். பேராசிரியர் யு. ஆர். ராவின் தலைமையில், அங்கிருந்த எளிய தொழிற்கொட்டகைகளிலேதான் இந்தியாவின் முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டா உருவாயிற்று. ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள அக்கோள் 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பெற்றது. வெயிலில் சூரிய மின்தகடுகளும், பூமியின் நிழலில் நிக்கல்-காட்மியம் கலங்களும் அதற்கு மின்சாரம் அளித்தன. சில நாட்களில் மின்வழங்கலில் நேர்ந்த பழுதினால் அதன் விஞ்ஞானச் சோதனைகள் நின்றுபோயின. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் மின்சாரம் பிழைத்தால் அது ஊமையே என்பதை நாம் அன்று கண்டோம்.

பின்னர் வந்தது லிதியத்தின் காலம். 1970-களில் விட்டிங்காம் வித்திட்டார். 1980-இல் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தி அழுத்தத்தை உயர்த்தினார். 1985-இல் யோஷினோ பாதுகாப்பான மாதிரியை அமைத்தார். 1991-இல் அது விற்பனைக்கு வந்தது; 2019-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. நம் காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் உழைத்து வருகிறது.

இன்று பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த கலங்களைக் கொண்டு இளைஞர்கள் விளக்கும் வானொலியும் செய்கிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கது, ஆனால் கலப்படம் இங்கே ஆபத்து. 2,500 மில்லி ஆம்பியர்-மணிக் கலத்தையும் 1,500 மில்லி ஆம்பியர்-மணிக் கலத்தையும் தொடராக இணைத்தால், சிறியது முதலில் வற்றும். பெரியது தள்ளும் மின்னோட்டத்தால் அதன் முனைகள் திசைமாறவும் கூடும். மின்னேற்றும்போது சிறியதே முதலில் நிரம்பி, வரம்பு கடந்து சூடேறும், தீயும் பற்றலாம். பக்க இணைப்பிலோ, நிரம்பிய கலத்திலிருந்து வற்றிய கலத்துக்குள் மின்னோட்டம் வெள்ளமெனப் பாயும். கோபால்ட் வகை 4.2 வோல்ட்டில் நிரம்பும். இரும்பு-பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட்டே எல்லை. இவ்விரண்டையும் ஒருபோதும் சேர்த்தல் ஆகாது.

ஆகவே ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயது கொண்ட கலங்களையே தேர்ந்து கொள்வோம். பக்க இணைப்புக்கு முன் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் அளந்து சமப்படுத்துவோம். பி.எம்.எஸ். எனப்படும் காப்புப் பலகையையும் உருகியையும் தவறாது பொருத்துவோம். எனினும் ஒவ்வாத கலங்களை ஒத்தவையாக்க எந்தப் பலகையாலும் இயலாது. வீங்கியதும் நசுங்கியதும் விலை மலிவெனக் கிடைத்தாலும் வேண்டா. வாடகை அறையில் நால்வர் உறங்கும் இரவில், மின்னேறும் கலத்தைக் காவலின்றி விடுவதும் வேண்டா. சிக்கனம் நல்லதே, உயிரைப் பணயம் வைத்த சிக்கனம் நமக்கு ஏற்றதன்று.