கனமான வில்லைகளுக்கான முக்காலி

கனமான வில்லைகளுக்கான முக்காலி என்பது, நீண்ட குவியத் தூரமும் மிகுந்த எடையும் கொண்ட தொலைநோக்கு வில்லைகளை ஒளிப்படக் கருவியுடன் சேர்த்து அசையாமல் தாங்குவதற்குப் பயன்படும் மூன்று கால் தாங்கி ஆகும். பறவைகள், காட்டு விலங்குகள், விளையாட்டுப் போட்டிகள், நிலா முதலியவற்றைப் படம்பிடிப்போர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். சாதாரண முக்காலி இத்தகைய எடையின் கீழ் உடையாமல் நிற்கலாம். ஆயினும், கூர்மையான படத்துக்குத் தேவையான அளவு அசையாமல் நிற்கும் என்று கூற முடியாது. எனவே முக்காலியைத் தெரிவு செய்யும்போது, அது தாங்கும் எடையைவிட அதன் விறைப்புத்தன்மையே முதன்மையாகக் கருதப்படுகிறது.

தேவை

வில்லையின் எடைக்கு அதன் முகப்புக் கண்ணாடியின் அளவு ஒரு முக்கிய காரணம் ஆகும். 600 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/4 துளையளவும் உடைய வில்லையின் முகப்பு விட்டம் குறைந்தது 150 மி.மீ. இருத்தல் வேண்டும். கேனான் நிறுவனம் 1999 இல் வெளியிட்ட இவ்வகை வில்லை 5.36 கிலோகிராம் எடையுடையது. 2018 இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பின் எடை 3.05 கிலோகிராமாகக் குறைந்தது. எடை குறைந்தபோதும் விறைப்பான தாங்கியின் தேவை குறையவில்லை. அதற்குக் காரணம் குவியத் தூரம் ஆகும்.

கருவி சிறிதளவு திரும்பினால், உணரியின் மீது விழும் பிம்பம் குவியத் தூரத்துக்கு நேர்விகிதத்தில் நகரும். ஒரு படப்புள்ளியின் அகலம் 0.004 மி.மீ. எனக் கொள்வோம். 50 மி.மீ. வில்லையில் பிம்பம் ஒரு படப்புள்ளி அளவு நகர, கருவி ஏறத்தாழ 16 வில்விநாடி திரும்ப வேண்டும். 600 மி.மீ. வில்லையில் ஏறத்தாழ 1.4 வில்விநாடி திரும்பினாலே போதும். ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அசைவைக் கண்ணால் காண முடியாது. ஆனால் படத்தில் அது மங்கலாகப் பதிவாகும்.

கால்களின் அமைப்பு

மெல்லிய சுவருடைய குழாயின் வளைவு விறைப்பு, சுவரின் தடிப்பு மாறாதிருந்தால், விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 25 மி.மீ. குழாய்க்குப் பதில் 32 மி.மீ. குழாயைப் பயன்படுத்தினால் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. மறுபுறம், ஒரு காலின் நீளம் இருமடங்கானால் அதே விசைக்கு அதன் முனை எட்டு மடங்கு விலகும். இவற்றிலிருந்து பின்வரும் விதிகள் பெறப்படுகின்றன:

* மேற்பகுதிக் குழாயின் விட்டம் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது நன்று.
* ஒன்றினுள் ஒன்று நுழையும் குழாய்களில் கீழே செல்லச் செல்ல விட்டம் குறையும். ஆகவே, நான்கு அல்லது ஐந்து துண்டுகளால் ஆன காலைவிட மூன்று துண்டுகளால் ஆன கால் விறைப்பானது. துண்டுகள் கூடினால் மடக்கி எடுத்துச் செல்வது எளிதாகும், உறுதி குறையும்.
* நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று காலின் பயன் போய், ஒற்றைத் தண்டின் மேல் எடை நிற்கும். கனமான வில்லைக்கு நடுத்தண்டு இல்லாத, தட்டையான மேல்தட்டு உடைய முக்காலியே ஏற்றது.

உயரத்தைக் கணக்கிடும்போது தலைப்பகுதியும் கருவியும் சேர்க்கும் 25 முதல் 30 செ.மீ. வரையிலான உயரத்தைக் கழிக்க வேண்டும். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குச் சமதளத்தில் ஏறத்தாழ 130 செ.மீ. உயரமான கால்கள் போதுமானவை. சரிவான நிலத்திலும், மேல்நோக்கிப் படம்பிடிக்கும்போதும் இன்னும் சற்று உயரம் தேவைப்படும்.

பொருட்கள்

மரம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் முக்காலிகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. மரம் அதிர்வை நன்கு தணிக்கும். செருமனியில் 1898 இல் தொடங்கப்பட்ட பெர்லேபாக் நிறுவனம் மர முக்காலிகளுக்குப் பெயர் பெற்றது. எடையும் பருமனும் இதன் குறைகள்.

அலுமினியம்: விலை குறைவு, அடிபட்டாலும் பெரும்பாலும் நெளியுமே அன்றிப் பிளவாது. குளிர்ந்த இடங்களில் தொடுவதற்குச் சில்லென்றிருக்கும். இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம்.

கரிம இழை: இக்கூட்டுப் பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 கிராம் மட்டுமே. எடை குறைவு, விறைப்பு மிகுதி, அதிர்வும் விரைவில் அடங்கும். 1917 இல் பிரான்சில் தோன்றிய கிட்சோ நிறுவனம் 1994 இல் கரிம இழை முக்காலிகளை அறிமுகப்படுத்தியது. விலை மிகுதியும், கூர்மையான அடியால் விரிசல் ஏற்படக்கூடுவதும் இதன் குறைகள்.

தலைப்பகுதி

பந்துத் தலை: ஒரே திருகைத் தளர்த்தினால் எத்திசையிலும் திரும்பும். கனமான வில்லைக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. எடையின் மையம் பந்துக்கு மேலே இருப்பதால், கை பிடிக்காமல் திருகைத் தளர்த்தினால் வில்லை பக்கவாட்டில் சரிந்து முக்காலியையும் கவிழ்த்துவிடலாம்.

கிம்பல் தலை: வில்லையின் எடை மையமும் சுழற்சி அச்சும் ஒன்றாக அமையும்படி வில்லை ஊஞ்சல்போலத் தாங்கப்படுகிறது. சரியாகச் சமன்செய்தால், கையை எடுத்ததும் வில்லை விட்ட இடத்திலேயே நிற்கும். பறக்கும் பறவையைத் தொடர இதுவே மிகவும் ஏற்றது.

கனமான வில்லைகளைக் கருவியின் அடித்துளை வழியாக அன்றி, வில்லையின் பட்டையிலுள்ள பாதம் வழியாகவே முக்காலியில் பொருத்த வேண்டும். இல்லையெனில் எடை முழுவதும் கருவியின் வில்லைப் பிணைப்பை இழுக்கும். முக்காலித் திருகுகள் 1/4 அங்குலம், 3/8 அங்குலம் என இரு அளவுகளில் உள்ளன. பெரிய வில்லைகளுக்கு 3/8 அங்குலத் திருகு உறுதியானது.

தாங்குதிறன் எண்

உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் தாங்குதிறன் எண், முக்காலி உடையாமலும் நழுவாமலும் ஏற்கும் எடையையே பெரும்பாலும் குறிக்கிறது. அதிர்வைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முறையில் அளப்பதால், இரு நிறுவனங்களின் எண்களை நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. கருவி, வில்லை, தலைப்பகுதி ஆகியவற்றின் மொத்த எடையைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு தாங்குதிறன் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை விதி.

வாங்குமுன் சோதிப்பது இதைவிட நம்பகமானது. வில்லையைப் பொருத்தி, கருவியின் திரையில் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காண வேண்டும். பின் ஒரு காலை விரலால் மெல்லத் தட்டி, பிம்பம் அசையாநிலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது எனக் கவனிக்கலாம். மேல்தட்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால், மூட்டுகளின் தளர்வும் தெரியவரும்.

பயன்படுத்தும் முறை

* ஒரு காலை வில்லை நோக்கும் திசையில் வைக்க வேண்டும்.
* உயரம் தேவையில்லாதபோது மெல்லிய கீழ்க் குழாய்களை நீட்டாமல் விடுவது நன்று.
* முக்காலியில் பையைத் தொங்கவிட்டால் அது நிலத்தைச் சற்றே தொட வேண்டும். இல்லையேல் காற்றில் ஆடி அதிர்வைக் கூட்டும்.
* பலத்த காற்றில் வில்லையின் முன்மறைப்பைக் கழற்றிவிடலாம்.
* ஆடி உடைய கருவிகளில், ஷட்டர் வேகம் 1/30 விநாடி முதல் 1 விநாடி வரை உள்ளபோது ஆடி எழும் அதிர்வு படத்தில் தெரியும். ஆடியை முன்கூட்டியே உயர்த்தி, தொலை இயக்கியைப் பயன்படுத்தினால் இதைத் தவிர்க்கலாம்.
* கடல்நீரிலோ மணலிலோ பயன்படுத்திய பின் கால்களை நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

மாற்று வழிகள்

நெடுந்தூரம் நடக்க வேண்டிய இடங்களிலும், இடநெருக்கடி உள்ள விளையாட்டு அரங்குகளிலும் ஒற்றைக்கால் தாங்கி பயன்படுகிறது. ஊர்தியின் சன்னலிலிருந்து படம்பிடிப்போர் தானியம் நிரப்பிய பையின் மேல் வில்லையை வைக்கின்றனர். அகன்ற பரப்பில் வில்லையைத் தாங்குவதால், பை பல வேளைகளில் மெலிந்த முக்காலியைவிடச் சிறந்த பயன் தருகிறது.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* குவியத் தூரம்
* தொலைநோக்கு வில்லை