இரண்டாவது ஆர்

“பார்மட் அடிச்சிரலாம் அண்ணாச்சி.” சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்கிற தொழில் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வளர்ந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த 1998, 99 வாக்கில் சிஸ்டம் ஏறவில்லை என்று போன் வந்தால், கிளம்புகிறவர் பையில் விண்டோஸ் 98 சிடியும் ஒரு பூட் பிளாப்பியும் இருக்கும். டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக ஓஎஸ் போட்டால் சாயங்காலத்துக்குள் வேலை முடியும், கூலியும் நிச்சயம். துடைக்காமல் சரிசெய்ய உட்கார்ந்தால் எப்போது எழுந்திருப்போம் என்று சொல்ல முடியாது. எழுந்த பிறகும், “புதுசா ஒண்ணும் போடலையே தம்பி, இதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்பார்கள். ஓஎஸ் கெட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் போகும் என்று ஊரே நம்பியதற்கு இந்தக் கூலிக் கணக்குதான் காரணம். பெரும்பாலான நேரம் அது பொய்.

எங்கள் ஊரில் அந்தப் பொய்க்கு விலை அதிகம். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது இங்கே வழக்கம். அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு டிசைன் சென்டர் சிஸ்டம் படுத்துவிட்டால், பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் மாதக்கணக்கில் செய்த வேலை அதற்குள் மாட்டிக்கொள்ளும். டிசைனர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் போட்டிருப்பார், கண்ணெதிரே இருக்கட்டும் என்று. விண்டோஸ் 98இல் டெஸ்க்டாப் என்பது சி டிரைவில், விண்டோஸ் போல்டருக்குள்ளேயே இருந்த ஒரு போல்டர். மை டாக்குமென்ட்ஸ்கூட அதற்கு வெளியே தனியாக இருந்தது. கெட்டுப்போன விண்டோஸ் போல்டரை டாஸில் அழித்துவிட்டு மறுபடி போட்டவர், “டேட்டாவைத் தொடவே இல்லை” என்று சத்தியம் செய்வார். அவர் அறிந்தவரை அது உண்மைதான். காலண்டர்தான் இருக்காது.

எழுத்துரு இன்னொரு தலைவலி. யூனிகோடு பரவாத காலம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளை ஏற்றது. அச்சகங்களில் என்னவோ அவரவர் வாங்கிய எழுத்துரு வைத்ததுதான் சட்டம். பைல்களை டி டிரைவுக்கு மாற்றி, சி டிரைவை மட்டும் பார்மட் செய்து, எல்லாம் பத்திரம் என்று திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக நிற்கும். பைலில் ஒரு பைட்கூடக் குறைந்திருக்காது. அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு, விண்டோஸ் போல்டரின் பான்ட்ஸ் போல்டரோடு போயிருக்கும். அதிலிருந்து நாங்கள் ஒரு வரிசை வைத்துக்கொண்டோம்: முதலில் பான்ட்ஸ், அப்புறம் டெஸ்க்டாப், அப்புறம் டேலி கணக்கு டேட்டா. மிச்சமெல்லாம் பிறகு.

துடைக்காமல் சரிசெய்ய விண்டோஸ் 98இலேயே வழி இருந்தது. தன் அமைப்புகளெல்லாம் பதிந்த ரெஜிஸ்ட்ரியை நாள்தோறும் சுருக்கி, கடைசி ஐந்து பிரதிகளை அதுவே ஒளித்து வைத்திருக்கும். எப்8 அழுத்தி, கறுப்புத் திரையில் ‘ஸ்கேன்ரெக்’ கட்டளையை ‘ரீஸ்டோர்’ சேர்த்து அடித்தால் தேதிகள் வரிசையாக வரும். சிஸ்டம் நன்றாக ஓடிய நாளைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், பழைய விண்டோஸ் மேலேயே சிடியிலிருந்து மறுபடி போடலாம். பைலும் புரோகிராமும் இருந்தபடி இருக்கும்.

1999 ஏப்ரல் 26 அன்று தைவான் மாணவர் சென் இங்-ஹவ் எழுதிய சிஐஎச் வைரஸ் வெடித்தது. செர்னோபில் விபத்தின் தேதி என்பதால் அந்தப் பெயரும் அதற்கு உண்டு. டிஸ்க்கின் முதல் ஒரு எம்பியைக் குப்பையால் நிரப்பியது, சில மதர்போர்டுகளின் பயாஸையும் அழித்தது. பார்டிஷன் அட்டவணை போனதால் டிஸ்க் காலியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பேட்32 முறையில் பைல் அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு. பெரிய டிஸ்க்குகளில் முதல் பிரதியே ஒரு எம்பியைத் தாண்டி நீளும் என்பதால் இரண்டாவது சேதமில்லாமல் கிடந்தது. அதை வைத்து மீட்பதற்கு அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் ஒரு இலவச புரோகிராமே எழுதிக் கொடுத்தார். வைரஸ் விட்டுவைத்த மிச்சத்தை அழித்தவர்கள், டிஸ்க் காலி என்று நம்பி பார்மட் செய்தவர்கள்தான்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியைத் தொழில்காரர்களுக்கான பரீட்சை என்றே சொல்வேன். சிடியைப் போட்டு பூட் செய்தால் முதல் நீலத்திரை கேட்கும்: புதிதாகப் போட என்டர், ரிப்பேருக்கு ஆர். ரிப்பேர்தானே வேண்டும் என்று ஆர் அடித்தால் ரெக்கவரி கன்சோல் என்ற கறுப்புத் திரைக்குப் போய் நிற்போம், கட்டளை தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை. மிரண்டு வெளியே வந்து, பார்மட். சரியான வழி, அந்த ஆரைத் தொடாமல் புதிதாகப் போடுவதுபோலவே என்டர் அடிப்பது. உரிம ஒப்பந்தத்துக்கு எப்8. அதற்கப்புறம், “ஏற்கெனவே ஒரு விண்டோஸ் இருக்கிறது, ரிப்பேர் செய்யவா?” என்று கேட்கும். அங்கே வரும் இரண்டாவது ஆர்தான் நிஜமானது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஒரு வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து சிஸ்டம் சரிபார்த்திருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம். திரையின் ஓரத்தில் “இன்னும் 39 நிமிடங்கள்” என்று ஓடும். முடிந்தால் டெஸ்க்டாப், பான்ட்ஸ், கோரல், டேலி எல்லாம் வைத்த இடத்தில். கையிலுள்ள சிடி டிஸ்க்கிலுள்ள விண்டோஸோடு பொருந்தாவிட்டால் அந்தக் கேள்வி வராமலே போகலாம். அதனால் என் பையில் எக்ஸ்பி சிடி வகைக்கு ஒன்று இருக்கும்.

ஒரு சங்கடம் உண்டு. ரிப்பேர் போட்டால் அப்டேட் எல்லாம் கழன்று, சிடியில் இருந்த பழைய நிலைக்கு விண்டோஸ் திரும்பிவிடும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வார்ம் பரவிய பிறகு, அந்த நிலையில் நெட் கேபிளைச் செருகினால் சிறிது நேரத்திலேயே சிஸ்டம் தானாக அணைவதற்கான 60 விநாடி கவுன்ட்டவுன் ஓடத் தொடங்கும். முதலில் பயர்வால், அப்புறம் கேபிள் என்பதை ஊரே அந்த மழைக்காலத்தில் கற்றுக்கொண்டது.

மின்வெட்டுக் காலத்தில், முக்கியமாகச் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் கரண்ட் போன 2012இல், யூபிஎஸ் பாட்டரி செத்த அச்சகங்களிலிருந்து ஒரே புகார் வரும்: கான்பிக் போல்டரில் ‘சிஸ்டம்’ பைல் கெட்டுவிட்டது என்று கறுப்புத் திரை. அங்கேதான் முதல் ஆர் உதவியது. விண்டோஸுக்குள் ‘ரிப்பேர்’ என்ற போல்டரில், ஓஎஸ் போட்ட அன்றைய ரெஜிஸ்ட்ரி இருக்கும். அதை வைத்து ஒருமுறை உள்ளே நுழைந்து, ரீஸ்டோர் பாயின்டிலிருந்து சமீபத்திய பிரதியை எடுத்து வைத்தால் சிஸ்டம் பழையபடி எழும்.

எதற்கும் அசையாத டிஸ்க்குக்கு லினக்ஸ் வந்தது. ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ், டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடும். உபுண்டு சிடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் 2011 வரை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். விண்டோஸ் செத்துக் கிடக்க, அதன் பைல்களை நிதானமாகப் பென்டிரைவுக்கு இழுப்பதைப் பார்த்த அண்ணாச்சிகள் வாயடைத்துப் போனார்கள். என் கடையில் டேட்டா எடுப்பதற்குத் தனிக் கூலி வந்தது அதன் பிறகுதான்.

2007இல் விஸ்டா வந்ததும் அந்த இரண்டாவது ஆர் போயிற்று. பதிலாக, பார்மட் செய்யாமல் மறுபடி போட்டால் பழையது முழுவதையும் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற போல்டரில் ஒதுக்கி வைத்தது. 2012இல் விண்டோஸ் 8 ‘ரெப்ரெஷ்’ கொடுத்தது, விண்டோஸ் 10 அதையே ‘கீப் மை பைல்ஸ்’ என்றது. பைல் நிற்கும், கோரலும் டேலியும் போகும். என்னென்ன போயிற்று என்று டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியலும் இருக்கும். நல்ல வசதிதான், ஆனாலும் அந்த 39 நிமிடத்துக்கு ஈடில்லை.

இவ்வளவு கைவேலையும், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் படிக்க முடியும் என்பதை நம்பித்தான் நடந்தது. இப்போது வரும் பல லேப்டாப்களில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததும், உரிமையாளருக்கே தெரியாமல், டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்படுகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. சேப் மோடில் போய் ஒரு பைலை அழித்தால் சரியாகும் கோளாறு. பூட்டிய மெஷின்களில் அதற்கு முன் 48 இலக்க ரெக்கவரி எண் வேண்டியிருந்தது. அந்த எண் கிடைக்காவிட்டால் நாப்பிக்ஸும் உதவாது, நானும் உதவ முடியாது. இன்றே உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண்ணைத் தேடி, ஒரு தாளில் எழுதி, பீரோவில் வையுங்கள்.