மெழுகுக் கப்பலும் கண்ணாடிக் கப்பலும்

மழை விட்டதும் தெருவோரத்து நீரில் காகிதக் கப்பல் விட்டு மகிழாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? 1867ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் டெவன் மாவட்டத்தில், டார்ட் என்னும் ஆற்றில், பொறியியலார் ஒருவர் ஏறத்தாழ இதே வேலையில் ஈடுபட்டிருந்தார். ஆனால் அவர் விட்ட கப்பல்கள் 3 அடி, 6 அடி, 12 அடி நீளமுள்ளவை. நீராவிப் படகு அவற்றை இழுத்துச் செல்ல, ஒவ்வொன்றையும் நீர் எவ்வளவு விசையுடன் எதிர்க்கிறது என்பதை அவர் அளந்துகொண்டிருந்தார். அவர்தாம் வில்லியம் ஃப்ரூட்.

கப்பல் கட்டும் கலையில் அந்நாளில் கணக்கைவிட ஊகமே மிகுதி. குறிப்பிட்ட வேகத்தில் செல்ல எவ்வளவு ஆற்றலுள்ள எந்திரம் வேண்டும் என்பது, கப்பலைக் கட்டி நீரில் இறக்கிய பின்னரே திட்டமாகத் தெரிந்தது. ஊகம் தவறினால் பெரும்பொருள் வீண். சிறிய மாதிரியைச் செய்து இழுத்துப் பார்க்கலாமே என்று முன்பே பலர் முயன்றதுண்டு. விடை கப்பலோடு பொருந்தவில்லை. மாதிரியை எந்த வேகத்தில் இழுப்பது? சிக்கல் அங்கேதான் இருந்தது.

ஃப்ரூட் தம் மாதிரிகளை இரு வடிவங்களில் செய்தார். மழுங்கிய முகமுடையது ‘அன்னம்’. கூரிய முகமுடையது ‘அண்டங்காக்கை’. மெதுவாகச் செல்லும்போது காக்கைக்கு எதிர்ப்புக் குறைவு. வேகம் கூடியதும் அன்னமே முந்தியது. கூரிய முகம் எப்போதும் மேலானது என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. இதைவிடப் பெரிய உண்மையும் அங்கே கிடைத்தது. ஒரே வடிவமுள்ள சிறிய மாதிரியும் பெரிய மாதிரியும் ஒரு குறிப்பிட்ட வேக விகிதத்தில் சென்றால், அவை எழுப்பும் அலைகளின் அமைப்பு ஒன்றுபோலவே இருந்தது. அந்த விகிதம் நீளங்களின் வர்க்கமூல விகிதம். 100 மீட்டர் கப்பலுக்கு 4 மீட்டரில் மாதிரி செய்தால், நீளம் 25இல் ஒரு பங்கு. 25இன் வர்க்கமூலம் 5. எனவே 20 நாட் வேகக் கப்பலின் மாதிரியை 4 நாட் வேகத்தில் இழுக்க வேண்டும். நீரின் உராய்வு மட்டும் இவ்விதிக்குக் கட்டுப்படாது. அதனைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும் என்பதையும் ஃப்ரூட் கண்டார்.

அக்காலத்துக் கப்பலறிஞர்களில் பெரும்புகழ் பெற்ற ஸ்காட் ரசல் இதை ஏற்கவில்லை. இவையெல்லாம் அழகான சின்னஞ்சிறு சோதனைகள். பெரிய கப்பலுக்கு உதவா என்பது அவர் கருத்து. நல்லவேளையாக, பிரிட்டிஷ் கடற்படைத் துறை ஃப்ரூட்டுக்கு 2,000 பவுன் அளித்தது. டார்க்கீ நகரில் அவர் வீட்டருகே சுமார் 85 மீட்டர் நீளமுள்ள இழுவைத் தொட்டி அமைந்து, 1872இல் சோதனைகள் தொடங்கின. இதற்கிடையே 1871இல் ‘கிரேஹவுண்ட்’ என்ற உண்மைப் போர்க்கப்பலையே வேறொரு கப்பலால் கடலில் இழுக்கச் செய்து எதிர்ப்பை அளந்தார். மாதிரி சொன்னதும் கடல் சொன்னதும் பொருந்தின!

தொட்டியில் அவர் பயன்படுத்திய மாதிரிகள் பாரபின் மெழுகால் ஆனவை. மெழுகை வார்த்து, எந்திரத்தால் செதுக்கி, கையால் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். வடிவத்தை மாற்றவேண்டுமா? சுரண்டினால் போதும். வேலை முடிந்ததா? உருக்கி அடுத்த கப்பலை வார்த்துக்கொள்ளலாம். ஆயினும் வெயிலில், திறந்த ஏரியில், மோட்டாரும் பேட்டரியும் சுமந்து ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய மாதிரிப் படகுக்கு மெழுகு எப்படித் தாங்கும்? மரம் தாங்கும், ஆனால் நீரில் ஊறும், இணைப்புகள் ஒழுகும். வளைந்த கூட்டை மரத்தில் மெல்லியதாக இழைப்பதும் எளிதன்று.

இவ்விடத்தில்தான் கண்ணாடி வந்து சேர்ந்தது. கீழே விழுந்தால் நொறுங்கும் கண்ணாடியா என்று வியக்க வேண்டாம். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களே என்பதையும், மெல்லிய இழையாக நீட்டினால் அது வியத்தகு வலிமை பெறுகிறது என்பதையும் கிரிஃபித் என்ற ஆங்கில அறிஞர் 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். 1932இல் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரு கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, உருகிய கண்ணாடியின்மேல் காற்றுத் தாரை பட்டு, அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. தற்செயலாகக் கிடைத்த வழி அது. இழையை வலையாக வைத்து, பாலியெஸ்டர் பிசினைக் குழைத்து இறுகவிடும் முறையில் ரே கிரீன் என்பவர் 1942இல் ஒரு சிறு பாய்மரப் படகு கட்டினார். முப்பதாண்டுகளுக்குப் பின், 1973இல், ‘வில்டன்’ என்ற கண்ணாடியிழைப் போர்க்கப்பலே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்துவிட்டது. அது கண்ணிவெடி தேடும் கப்பல். இரும்பு உடல் காந்தக் கண்ணிகளைத் தூண்டிவிடும், கண்ணாடி தூண்டாது.

மாதிரிப் படகுக்காரர்களுக்கு இம்முறை பிடித்துப்போனதற்குக் காரணம் எடை. 20 மீட்டர் நீளமும் 80 டன் எடையும் உள்ள இழுவைப் படகை 20இல் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 1 மீட்டர். எடையோ 20ஐ மும்முறை பெருக்கிய 8,000இல் ஒரு பங்கு, அதாவது 10 கிலோகிராம்தான். கூடு, மோட்டார், பேட்டரி, மேல்தளம் எல்லாம் இதற்குள் அடங்கினால்தான் நீர்மட்டக்கோடு சரியான இடத்தில் நிற்கும். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள இழைப்பாயை இரண்டு அடுக்கு வைத்து, அதன் எடையைப்போல் இருமடங்கு பிசின் ஊட்டினால், இப்படகின் கூடு ஒரு கிலோகிராமுக்குள் முடிந்துவிடும்.

செய்முறையில் பெரும்பாடு படகில் இல்லை. முதலில் மரத்தில் செய்யும் மூல உருவில்தான் இருக்கிறது. அதில் மயிரிழைக் கீறல் இருந்தாலும், பின்னால் எடுக்கும் ஒவ்வொரு கூட்டிலும் அது தவறாமல் தெரியும். மூல உருவை மெருகேற்றி, மெழுகு தேய்த்து, அதன்மேல் கண்ணாடியிழையும் பிசினும் தடிப்பாகப் படியவைத்துப் பிரித்தால் குழி அச்சு கிடைக்கும். படகின் மேல்விளிம்பு உட்புறம் சாய்ந்திருந்தால் கூடு அச்சிலேயே சிறைப்பட்டுவிடும். அத்தகைய வடிவங்களுக்கு அச்சை இரு பாதிகளாகச் செய்து, போல்ட்டுகளால் இணைப்பார்கள்.

பின்பு அச்சின் உட்புறம் மெழுகு, அதன்மேல் நிறம் கலந்த பிசின் பூச்சு, அதன்மேல் இழைப்பாய். தூரிகையை இழுக்காமல் ஒற்றி ஒற்றிப் பிசினை ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். பிசின் கூடினால் வலிமையும் கூடும் என்று நினைப்பது தவறு. வலிமை இழையிலிருந்து வருகிறது, மிகுதிப் பிசின் எடையையும் நொறுங்கும் தன்மையையுமே தரும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். பிசினை இறுகச்செய்யும் பெராக்சைடையும் கோபால்ட் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கலாகாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றைப் பிசினில் நன்கு கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். காற்றோட்டமான இடமும் கையுறையும் கட்டாயம்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகளும் இவ்வாறு அச்சில் பிறந்தவையே. அளவுதான் வேறு. ஃப்ரூட்டுக்குக் கப்பலின் உடலாகவே இருந்த மெழுகு, இன்று அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்படலமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அதைப் பூச மறந்தவர் கூட்டை எடுக்க அச்சையே உடைக்க வேண்டியிருக்கும்.