தறிவீட்டு மொழிக்கு எழுத்து வந்த கதை

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அல்லர். செங்குந்தருக்குத் தமிழ், பத்மசாலியருக்குத் தெலுங்கு, தேவாங்கரில் சிலருக்குக் கன்னடம். இவற்றோடு சௌராஷ்டிரமும் உண்டு. ஊரார் 'பட்டுநூல்காரர்' என்று அழைத்தவர்களின் மொழி அது. மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடிப் பக்கம் இன்னும் நிறையவே காதில் விழும்.

குஜராத்திக்கு உறவான மொழி. மராத்தியும் தெலுங்கும் தமிழும் அதில் ஏறியிருக்கின்றன. லாட நாட்டிலிருந்து (இன்றைய தென் குஜராத்) தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள் சூரியனுக்குக் கோயில் கட்டியதை ஐந்தாம் நூற்றாண்டின் மந்தசோர் கல்வெட்டு சொல்கிறது. அவர்களே தம் முன்னோர் என்பார்கள் சமூகத்தார். கல்வெட்டு அவ்வளவு தூரம் வரவில்லை.

பேச்சு வந்தது, எழுத்துதான் சிக்கல். பழைய எழுத்து ஒன்று இருந்தும் பரவலாகப் புழங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரை தொ.மு. ராமராய் அதைச் சீர்திருத்திப் பாடநூல்களை அச்சேற்றினார். கூட்டெழுத்துகள் பெரும்பாலும் போயின. மெய்யைக் காட்டத் தனிக்குறி, நம் புள்ளியைப் போலவே, வெளிப்படையாக நின்றது. ந, ம, ர, ல ஆகியவற்றை மூச்சுக் கலந்து ஒலிக்கும் வழக்கம் இம்மொழியில் உண்டு. அதற்கென்றே 'ஹாரு' என்றொரு துணைக்குறியும் அமைந்தது. இந்த எழுத்தின் அழகு முழுவதும் அந்தக் குறியில்தான் என்பேன்.

அதோடு வழக்கு முடியவில்லை. 1920-இல் மதுரையில் தேவநாகரிக்கு மாறலாம் என்று தீர்மானம் போட்டார்கள். மக்கள் இரண்டையும் விட்டுவிட்டுத் தமிழ் எழுத்திலேயே எழுதினார்கள். க, ச, த, ப-வின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு ஒலியைப் பிரித்துக்கொண்டார்கள். பள்ளியில் படித்த எழுத்துதானே கைக்கு வரும்!

கருங்கடல் கரையில் துருக்கியிலும் ஜார்ஜியாவிலும் வாழும் லாஸ் மக்களுக்கும் எழுத்து விஷயத்தில் இதே பாடுதான். துருக்கிப் பக்கத்து லாஸ்களுக்கான லத்தீன் எழுத்துமுறை 1984-இல் ஜெர்மனியில் உருவானது. ஆக்கியவர்கள் ஃபஹ்ரி கஹ்ராமான் என்ற லாஸும், வொல்ஃப்காங் ஃபாயர்ஸ்டைன் என்ற ஜெர்மானிய அறிஞரும்.

சௌராஷ்டிரத்துக்கு அகராதி தொகுத்தவரும் வெளியார்தான், ஜப்பானிய மொழியியலாளர் நொரிஹிகோ உச்சிதா. 2006-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமியின் பாஷா சம்மான் விருது சௌராஷ்டிர எழுத்தாளர்கள் கே.ஆர். சேதுராமனுக்கும் தாடா சுப்பிரமணியத்துக்கும் கிடைத்தது. 2008-இல் ராமராயின் எழுத்து ஹாருவோடு யூனிகோடில் ஏறியது. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கில் இம்மொழி இன்னும் குஜராத்தியின் கீழேதான் வருகிறது. 2011-இல் தாய்மொழி இது என்றவர்கள் இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரம் பேருக்கு மேல்.

எந்த எழுத்து என்ற சண்டையை ஒத்திப்போடலாம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பாட்டி இருந்தால், அவர் சொல்லும் தறிச்சொற்களையும் தாலாட்டையும் தமிழ் எழுத்திலாவது இப்போதே எழுதி வையுங்கள்.